போத்தலுக்குள் ஒரு சிவப்புக் கோடு

1

இந்தக் கதை எனக்கு வந்து சேர்ந்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். கொழும்பில் ஓர் அறிவியல் சங்கம் இதழ் நடத்துகிறது. அதன் ஆசிரியர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். லேசர் ஒளியைக் கொண்டு இரசாயனப் பிரச்சினைகளை ஆராய்வதும் தீர்ப்பதும் பற்றி ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். கட்டுரைகள் தேவைக்கு மேல் வந்துவிட்டனவாம். நடுவில் ஒரு கதை இருந்தால் இதழ் லட்சணமாக இருக்குமாம். மூன்று நிபந்தனைகள்: வன்னிப் பின்னணி வேண்டும், நம்பிக்கையூட்டும் முடிவு வேண்டும், அரசியல் வேண்டாம்.

கடிதம் வன்னியில் எங்கள் தர்மபுரத்துக்கு வந்துசேர இரண்டு மாதமானது. வவுனியாவிலிருந்து யாரோ ஒருவரின் தங்கையின் பெட்டிக்குள், சேலை மடிப்பில் வந்தது. மூன்றாவது நிபந்தனையைப் படித்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்தேன். லேசருக்குப் பற்றரி வேண்டும். பற்றரியை இந்தப் பக்கம் கொண்டுவர இராணுவத்தின் தடை. பற்றரி என்று ஒரு சொல் எழுதினாலே போதும், அரசியல் தானாக வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இருந்தாலும் எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "இருண்ட ஆய்வுகூடத்தில், மின்னும் கண்ணாடிக் குழாய்களின் நடுவே—"

(அடித்துவிட்டேன். எங்கள் பள்ளிக்கூடம் மூன்று தரம் இடம்பெயர்ந்தது. ஆய்வுகூடமும் கூடவே இடம்பெயர்ந்தது. மிஞ்சியவை ஏழு சோதனைக் குழாய்கள், ஒரு முக்காலி, பெயர்ச்சீட்டு உரிந்துபோன ஒரு போத்தல். அந்தப் போத்தலைத் திறந்து மணந்துபார்க்கும் தைரியம் இதுவரை ஒருவருக்கும் வரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "இரணைமடுக் குளத்தின் மேல் செஞ்சூரியன்—"

(இதையும் அடித்துவிட்டேன். வன்னியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தச் சூரியனை அந்தக் குளத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அதுவும் களைத்துப் போயிருக்கும்.)

மூன்றாம் தொடக்கம்: "பரமலிங்கம் மாஸ்டர் ஒரு பாஸுக்காகப் பதினொரு நாள் காத்திருந்தார்."

இது நிற்கட்டும். நடந்தது இதுதான்.

2

பரமலிங்கம் மாஸ்டர் ஒரு பாஸுக்காகப் பதினொரு நாள் காத்திருந்தார். இரண்டாயிரமாம் ஆண்டு. வவுனியாவில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. வெளியே போக இந்தப் பக்கத்தில் இயக்கத்தின் ஒரு பாஸ், உள்ளே நிற்க அந்தப் பக்கத்தில் இராணுவத்தின் ஒரு பாஸ். இரண்டு பக்கமும் ஒத்துப்போன விடயம் அந்தக் காலத்தில் இது ஒன்றுதான்.

கருத்தரங்கில் ஒரு விரிவுரையாளர் வந்து பேசினார். இரசாயனத்துக்கான உலகப் பெரும் பரிசு போன வருடம் லேசர் வேலைக்குத்தான் கிடைத்தது என்றார். இரண்டு அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு உடைவதை லேசர் துடிப்புகளால் படம் பிடித்தாற்போலப் பார்க்கலாமாம். உடைவதற்கு எடுக்கும் நேரம் இருநூறு ஃபெம்டோ செக்கன். ஒரு செக்கனைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை எடுத்துப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோ செக்கன்.

மாஸ்டர் கணக்கில் கெட்டிக்காரர். பாஸ் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். தான் காத்திருந்த பதினொரு நாளுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக, நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு கோடி கோடி பிணைப்புகள் உடைந்திருக்கலாம். மேடையில் நின்றவர் வேகத்தைப் பற்றிப் பேசப் பேச, மாஸ்டருக்குக் கொட்டாவி வந்தது. அது அவமரியாதை அல்ல. முதல்நாள் முழுக்க வரிசையில் நின்ற களைப்பு.

ஆனால் ஒரு விடயத்தில் கண் விழித்துக்கொண்டது. விரிவுரையாளர் திரையைச் சுட்டிக்காட்ட விரல் நீளத்தில் ஒரு லேசரை வைத்திருந்தார். மண்டபத்தைக் கூட்டி வெகுநேரம் ஆகவில்லை, தூசி பறந்துகொண்டிருந்தது. அந்தத் தூசிக்குள் அவருடைய கையிலிருந்து திரை வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. மாஸ்டர் பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் மட்டும் வரைந்து காட்டிய கோடு அது. கலங்கிய திரவத்துக்குள் ஒளி போனால் அதன் பாதை தெரியும், தெளிந்த திரவத்துக்குள் போனால் தெரியாது. "பிள்ளையள், மனதில கற்பனை பண்ணுங்கோ" என்று சொல்லியே பத்தொன்பது வருடத்தை ஓட்டியவர், மறுநாள் வவுனியாக் கடைத்தெருவில் சாவி மாட்டும் திறப்புக்கோர்வையில் தொங்கும் விளையாட்டு லேசர் ஒன்றை வாங்கினார். அதன் முனையில் பூனை முகம் இருந்தது.

(சோதனைச்சாவடிக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் மாஸ்டர் லேசரைச் செருப்புக்குள் ஒளித்தார். இரண்டாவதில் பாண் ரொட்டிக்குள். இரண்டும் வீரமாக இருந்தன, இரண்டும் பொய்.)

உண்மையில் அவர் அதைச் சட்டைப்பையில், எல்லோரும் காணும்படி வைத்திருந்தார். சாவடியில் நின்ற சிப்பாய் எடுத்து அமத்திப் பார்த்தான். மண்மூட்டையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. அங்கே படுத்திருந்த நாய் அதைப் பிடிக்கப் பாய்ந்தது. சாவடியில் நின்றவர்கள், வரிசையில் நின்றவர்கள், எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். பிறகு சிப்பாய் தடைப் பட்டியலைப் பார்த்தான். பட்டியலில் லேசர் இல்லை. பற்றரி இருந்தது. ஆகவே நேர்மையான மனிதனாக, லேசருக்குள் இருந்த மூன்று சின்னப் பற்றரிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு, லேசரைத் திருப்பிக் கொடுத்தான்.

3

பற்றரி இல்லாத லேசர் என்பது பூனை முகம் வைத்த ஒரு தகரத் துண்டு. ஆனால் பத்து வருடம் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்த ஊருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாடவைத்தவர்கள் நாங்கள். மாஸ்டர் தன் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து இரண்டு மூன்று உறுப்புகளைக் கழற்றி, டைனமோ மின்சாரத்தை லேசர் தாங்கும்படி பதப்படுத்தினார். ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். வேகமாக மிதித்தால் லேசர் பளிச்சென்று எரியும். மெதுவாக மிதித்தால் சுவரில் புள்ளி தெரியும், அவ்வளவுதான்.

இருட்டுக்கும் பஞ்சமில்லை. குண்டுவீச்சுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் வெட்டிய பங்கர் இருந்தது. மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மண். பட்டப்பகலில் உள்ளே போனால் தன் கை தனக்குத் தெரியாது. சைக்கிள் பங்கர் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது. வயர் படிகளில் இறங்கி உள்ளே போனது. உலகத்தில் மிதிக்கும் லேசர் இரசாயன ஆய்வுகூடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் பரிசோதனைக்கு ஒரு துளி பால் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ராக்காயி வீட்டில் ஆடு இருந்தது. அவள் ஓர் இருமல் பாணிப் போத்தலின் அடியில் கொஞ்சம் பால் கறந்து கொண்டுவந்தாள். ஆறவைத்த சுத்தத் தண்ணீருக்குள் மாஸ்டர் லேசரைப் பாய்ச்சினார். போத்தலின் அந்தப் பக்கச் சுவரில் புள்ளி விழுந்தது, தண்ணீருக்குள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துளி பாலை விட்டார். தண்ணீர் கண்ணுக்குப் பழையபடிதான் இருந்தது. ஆனால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சிவப்புக் கோடு நூல் பிடித்ததுபோல நின்றது. ராக்காயி குனிந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கேவா என்று மட்டும் கேட்டாள்.

(ராக்காயியைப் பற்றி. இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. முதல் வரைவில் அவளை விதவையாக்கினேன். அவள் கணவன் வீரையாவை மலேரியாவில் கொன்றேன். விதவையின் கிணறு என்றால் கொழும்பு வாசகருக்குக் கண் கலங்கும். பிறகு வெட்கமாகிவிட்டது. வீரையா உயிரோடுதான் இருக்கிறான். வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறான். என் கதையில் அவனுக்கு வசனம் இல்லை, அது என் குறை.)

வீரையாவும் ராக்காயியும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். எண்பத்து நாலில், காட்டோரத்து மேட்டு நிலத்தில், இருவருமாக நாற்பத்தொரு நாள் வெட்டி ஒரு கிணறு எடுத்தார்கள். கல்லுப் பாறைக்குள் இறங்கிய கிணறு. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து வயல்காணி பெற்ற குடும்பங்கள், அதாவது மாஸ்டரின் குடும்பம் உட்பட, அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதில்லை. தோட்டக்காட்டாரின் தண்ணீர் சுத்தமில்லை என்று ஊரில் ஒரு கதை. யார் சோதித்துச் சொன்னது என்று மாஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் இரசாயன ஆசிரியர், மறந்துவிடாதீர்கள்.

4

அந்த மாரி முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் வயிற்றோட்டம் வந்தது. வகுப்புகள் பாதி காலி. ஊரில் ஒரு குடிநீர்க் குழு இருந்தது. தலைவர் ராஜரத்தினம், வாய்க்காலோரத்தில் வயலும், சீமெந்து கட்டிய பெரிய கிணறும் உடையவர். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் அங்கேயிருந்துதான் போனது. செயலாளர் ஒருவரும் இருந்தார். அவருக்கு இந்தக் கதையில் பெயர் தேவையில்லை. கையெழுத்து அழகாக இருந்ததால் தெரிவானவர். கால்களும் உரமாக இருந்ததால் சைக்கிள் மிதிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

ஊரிலுள்ள பன்னிரண்டு கிணறுகளின் தண்ணீரையும் லேசரால் பார்க்கலாம் என்று மாஸ்டர் சொன்னபோது தலைவருக்கு மெத்தச் சந்தோஷம். தன் கிணறு முதலாவதாக வரும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு போத்தல்கள் பங்கருக்குள் வரிசையாக வைக்கப்பட்டன. செயலாளர் வெளியே மிதித்தார். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பாய்ச்சினார்.

தலைவரின் கிணற்றுத் தண்ணீரில் கோடு விழுந்தது. சும்மா கோடு இல்லை, வேட்டிக் கரைபோலத் தடித்த கோடு. வாய்க்காலின் களி மண், கண்ணுக்குத் தெரியாத துகளாக, அடியில் படியாமல் தண்ணீர் முழுக்க மிதந்துகொண்டிருந்தது. ராக்காயியின் போத்தலில் ஒன்றுமில்லை. சுவரில் புள்ளி மட்டும்.

தலைவர் குனிந்து தன் போத்தலை மறுபடி பார்த்தார். பிறகு, மிதித்தவன் தன்னுடைய போத்தலுக்கு மட்டும் கூடுதலாக மிதித்துவிட்டான் என்றார். சரி என்று செயலாளரை இறக்கிவிட்டு, தானே சைக்கிளில் ஏறினார். அறுபத்திரண்டு வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர்வலத்தில் தேர் நகர்வதுபோல மிதித்தார். மற்றப் போத்தல்களில் இருந்த மெல்லிய கோடுகள் எல்லாம் மறைந்துவிட்டன. அவருடைய போத்தலில் மட்டும் கோடு அப்படியே இருந்தது, கொஞ்சம் மங்கலாக.

பரமலிங்கம் மாஸ்டருக்கு அன்று வந்த மகிழ்ச்சியை நான் குறைத்து எழுத மாட்டேன். ஐம்பது வயதில், தன் கையால், புத்தகத்தில் இல்லாத ஓர் உண்மையை அவர் கண்டுபிடித்திருந்தார். வீட்டுக்குப் போய் மனைவி சிவலட்சுமிக்கு இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் தொடங்கியபோது அவா, கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டா.

ஒன்றை மட்டும் அவர் குழுவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "தெளிவு வேறை, சுத்தம் வேறை. கிருமியை இந்த லைட் காட்டாது. எந்தத் தண்ணியையும் கொதிக்க வைச்சுத்தான் குடிக்க வேணும்."

செயலாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நீளமான வசனம்.

5

பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். கொழும்பு ஆசிரியரும் அப்படித்தான் நினைப்பார். ராக்காயியும் அப்படித்தான் நினைத்தாள். பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகட்டும் என்று அவளாகவே வந்து சொன்னாள்.

குழுவுக்கு அது போதவில்லை. அவள் கிணற்றில், அவள் கயிற்றில், அவள் விட்ட வாளியில் அள்ளிய தண்ணீரை எங்கள் பிள்ளைகள் குடிப்பதா? எங்கள் ஊரின் விஞ்ஞானம் இந்த இடத்தில்தான் வேலை செய்யத் தொடங்கியது. தண்ணீர் நல்லது, கிணற்றுக்காரர்தான் கெட்டவர்கள் என்றால், கிணற்றை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டால் தண்ணீர் முழுதாக நல்லதாகிவிடும். வடிகட்டுவது என்று நாங்கள் படித்தது இதைத்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானம் கூட்டத்துக்கு முதல்நாளே எழுதப்பட்டுவிடும். கூட்டம் கூடுவது அதை வாசித்துக் கேட்பதற்கு. அந்தத் தீர்மானத்தை அறிக்கைப் புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

"லேசர் பரிசோதனையில் கோடு தெரியாத கிணறு என விஞ்ஞானரீதியாக நிரூபிக்கப்பட்ட மேட்டுக் கிணறு பொதுக் கிணறாக ஏற்கப்படும். சுற்றிவர முட்கம்பி அடித்து, படலை போட்டுப் பூட்டப்படும். திறப்பு தலைவரிடம் இருக்கும். தண்ணீர் மிசின் வைத்து இறைக்கப்படும். தற்போதைய பாவனையாளர்கள் மாலை நாலு மணி முதல் ஐந்து மணி வரை, தமது வாளியைக் கிணற்றுக்குள் விடாமல், தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏகமனதாக நிறைவேறியது."

நாற்பத்தொரு நாள் வெட்டியவர்களுக்குக் கிடைத்த பெயரைக் கவனித்தீர்களா? தற்போதைய பாவனையாளர்கள்.

"ஏகமனதாக" என்று முதல்நாளே எழுதியாகிவிட்டதால், கூட்டத்தில் மாஸ்டர் எழுந்து நின்றது எல்லோருக்கும் இடைஞ்சலாகப் போய்விட்டது. அவர் பெரிதாக ஒன்றும் எதிர்க்கவில்லை. எதிர்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரே பரிசோதனையை வைத்து முடிவெடுப்பது விஞ்ஞானம் ஆகாது, இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். காது மடல் சிவந்து, சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னார்.

தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதுக்கென்ன மாஸ்டர். நாளைக்கே பாப்பம். கோடு விழுந்தால் தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுறன். விழாட்டில் நாளண்டைக்குக் கம்பி அடிக்கிறம்."

6

இப்போது முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது, நம்பிக்கையூட்டுவது. வன்னிக் காட்டில் தேத்தா மரம் இருக்கிறது. அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டால் கலங்கல் தண்ணீர் தெளியும். மாஸ்டர் தேத்தாங்கொட்டையை உரைத்து, ஒவ்வொரு அளவுக்கும் கோடு எவ்வளவு மங்குகிறது என்று லேசரால் பார்த்து, சரியான அளவைக் கண்டுபிடிக்கிறார். தலைவரின் கிணற்றுத் தண்ணீரே தெளிந்துவிடுகிறது. யாருடைய கிணற்றையும் யாரும் பிடுங்க வேண்டியதில்லை. முன்னோர் அறிவும் நவீன ஒளியும் கைகுலுக்க, வாசகர் கைதட்ட—

(இதில் கேவலம் என்னவென்றால், இது பாதி உண்மை. மாஸ்டர் இதைச் செய்தார். கூட்டம் முடிந்த அன்றே செய்தார். ஒரு வாளிக்கு எத்தனை உரை என்று எழுதியும் வைத்தார். மறுநாள் காலை அந்தப் போத்தலில் கோடு இல்லாமலே போயிற்று. இரசாயனப் பிரச்சினை லேசரால் தீர்ந்தது, கொழும்பு ஆசிரியர் அவர்களே. விடிந்ததும் விடியாததுமாக அதைக் கொண்டுபோய்த் தலைவரிடம் காட்டினார். தலைவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "என்ர கிணத்துத் தண்ணிக்கு மருந்து போட வேணும் எண்டோ சொல்லுறியள்?" மாஸ்டர் போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.)

இரண்டாவது முடிவு, உண்மை வெல்வது. பரிசோதனை சரியாக நடக்கிறது. ராக்காயியின் தண்ணீரில் கோடு இல்லை. கம்பி அடிக்கிறார்கள். மிசின் வைத்து இறைக்கிறார்கள். மேட்டு நிலத்துக் கிணறு, ஊற்று மெல்லிசு. பங்குனிக்குள் சேறு வரும். அப்போது குழு இன்னொரு கிணற்றுக்குப் போய்விடும். சேறு வீரையாவுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும். உண்மை வென்ற கதை.

மூன்றாவது, ஒரு துளி பால்.

ராக்காயியின் போத்தலுக்குள் ஒரு துளி பால் விழுந்தால் கோடு தெரியும். தீர்மானம் கிழியும், கிணறு தப்பும். ஆனால் தோட்டக்காட்டாரின் தண்ணீர் அழுக்கு என்ற பழைய கதைக்கு விஞ்ஞான முத்திரை குத்தியவர் பரமலிங்கம் மாஸ்டராக இருப்பார். அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே உண்மையை அவரே பொய்யாக்க வேண்டும். அவர் வெறும் வாத்தியார். வீரனாகும்படி அவரை நான் எப்படி—

இந்த வாக்கியத்தில் மூன்று கிழமை நின்றேன். ஆறு பகுதிகள் எழுதிவிட்டேன். தலைவர் பேசினார், மாஸ்டர் பேசினார், தீர்மானம் பேசியது. கிணற்றுக்காரியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே குழு செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன்.

7

இரண்டாம் பரிசோதனை காலை பத்து மணிக்கு. நல்ல வெயில். குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். உள்ளே தலைவருக்கு மட்டும் ஒரு கதிரை. செயலாளர் வெளியே சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மேட்டுக் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ராக்காயி வாசலில் நின்றாள். அவள் குழுவில் இல்லை, ஆகையால் உள்ளே இடமில்லை. கையில் பழைய இருமல் பாணிப் போத்தல். அடியில் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. அவள் அதை நீட்டினாள்.

மாஸ்டருக்கு விளங்கியது. முகம் கறுத்துப்போனது. "ராக்காயி, நான் பத்தொன்பது வருசமாய்ப் படிப்பிக்கிறன். என்ர கையால நான் கண்டுபிடிச்ச உண்மை இது ஒண்டுதான். இதைப் பொய்யாக்கச் சொல்லுறியளோ?"

அவளை அவர் 'நீ' என்றுதான் கூப்பிடுவது. அன்று வாய் தானாக மாறியது.

ராக்காயி குரலை உயர்த்தவில்லை. "பதினாறு வருசமா எங்க தண்ணி அழுக்கு, அழுக்குன்னாங்க மாஸ்டரய்யா. ஒருத்தரும் கிட்ட வரல. நாங்க நிம்மதியா குடிச்சோம். நீங்க நல்ல தண்ணின்னு சொன்னீங்க. அடுத்த வாரமே பூட்டோட வந்துட்டாங்க. அழுக்குன்னே இருக்கட்டும். எங்களுக்குத் தெரியுமில்ல."

மாஸ்டர் நெடுநேரம் நின்றார். எத்தனை கோடி பிணைப்புகள் அதற்குள் உடைந்தன என்று இந்த முறை அவர் கணக்குப் போடவில்லை. பிறகு பாணிப் போத்தலை வாங்கி, சரித்து, ஒரு துளி விட்டார். இரண்டாவது துளி வெளியே சிந்தி மண்ணில் விழுந்தது. தண்ணீர் கண்ணுக்கு அப்படியே இருந்தது. படியில் கால் வைத்தவர் நின்று, சைக்கிளில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் பாத்தனீர்தானே," என்றார். "ஒழுங்கா மிதியும்."

இறங்கிப் போய்விட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. செயலாளருக்குப் பெயர் தேவையில்லை என்று சொன்னேனே, அது வெட்கத்தில் சொன்னது. அறிக்கைப் புத்தகத்தின் கையெழுத்து என்னுடையது. "தற்போதைய பாவனையாளர்கள்" என்ற சொல்லை யோசித்துக் கண்டுபிடித்தவன் நான்தான், அன்றைக்கு அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இந்தக் கதை கொழும்புக் கடிதத்திலிருந்து வரவில்லை. கடிதம் சாட்டு, வெறும் சாக்கு. ஒரு வருடமாக இது என் கணுக்காலில் இருக்கிறது.

துளி விழுந்ததைக் கண்டவர்கள் மூன்று பேர். உள்ளே ஒரு துளிப் பால் காத்திருக்கிறது. நான் வேகமாக மிதித்தால் கோடு தெரியும், கிணறு தப்பும், நான் எழுதிய தீர்மானம் கிழியும், தலைவரின் முகத்தில் நான் நாளை விழிக்க வேண்டும். மெதுவாக மிதித்தால் சுவரில் புள்ளி மட்டும் தெரியும். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில், களைப்பு, சங்கிலி இறுக்கம். மாஸ்டர்கூடப் பால் போதவில்லை என்றுதான் நினைப்பார்.

உள்ளேயிருந்து தலைவரின் குரல் கேட்டது. "மிதியுங்கோ தம்பி."

நான் பெடலில் காலை வைத்தேன்.

(இந்த இடத்துக்குப் பிறகு நான் ஐந்து வசனங்கள் எழுதினேன். ஐந்திலும் நான் நல்லவனாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.)

கொழும்பு ஆசிரியர் அவர்களே, முடிவு என்னவென்று அறிய ஆவலாக இருந்தால் தர்மபுரத்துக்கு வாருங்கள். மேட்டுக் கிணற்றைச் சுற்றிக் கம்பி இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பாஸ், இந்தப் பக்கத்தில் ஒரு பாஸ். பதினொரு நாள் போதும்.

வர முடியாதவர்களுக்கு: சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது. வயர் பங்கருக்குள் போகிறது. உள்ளே எட்டுப் பேர் இருட்டில் காத்திருக்கிறார்கள். நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஏறுங்கள். ராக்காயி பக்கத்தில்தான் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள், உங்கள் முகத்தையும் பார்க்க மாட்டாள். அன்றைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.